வானம் பார்த்த பல் டாக்டர்

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். போய்ச் சேர்ந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தொடங்குவதுதான் முறை. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். பதினோரு வருஷம் ஒரு சின்ன விமானத்தை அவரோடு பங்கு வைத்திருந்தவன் நான். அந்தப் பதினோரு வருஷத்துச் சனிக்கிழமைகளில் பாதியை ஈப்போ விமானத் திடலின் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள், பறக்காமல் நிற்கிற விமானத்தைப் பார்த்துக்கொண்டே கழித்திருக்கிறேன். அதனால் கோபத்துக்கு முதலிடம் கொடுப்பதில் தப்பில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சின்ன விமானம், மழை என்றதும் முடிவு இப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் தன் வீட்டுக் கட்டிலில், ஒரு வெயில் நாளில், மத்தியானத் தூக்கத்தில் போனார். விமானத்தில் அவருக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. விழ எங்கே விட்டார் மனுஷன்.

அரசாங்கத்தில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். மூன்று தலைமுறை மலேசியாவின் பேராவில் இருந்தும் அவர் பேசியது யாழ்ப்பாணத் தமிழ்தான், நடுநடுவே இங்கிலீஷ். குள்ளமான ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கைப் பொத்தான் போட்டிருக்கும். மனைவி இறந்து வெகு நாளாகிறது, பிள்ளைகள் இல்லை. நான் ஈப்போ புந்தோங்கில் டயர் கடை வைத்திருப்பவன். பிறந்தது தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அவருக்கும் எனக்கும் சம்பந்தம் வந்ததே ஒரு பஞ்சரால்தான். டயரை மாற்றிக் கொடுத்த பிறகும் காரை எடுக்காமல் நட்டு முறுக்கியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்க்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து விமான கிளப் அட்டை கீழே விழுந்தது. நானும் அதே கிளப்பில் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். பேச்சு பெருகி, ஆறு மாதத்தில் இரண்டு பேருமாகச் சேர்ந்து பழைய நாலு சீட்டு விமானம் ஒன்றை வாங்கிவிட்டோம்.

வாங்கும்போது ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதினோம். அதில் அவர் கேட்டுச் சேர்த்த விதி ஒன்றே ஒன்று. பங்காளிகளில் ஒருவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு விமானம் கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது; ஏன் என்று கேட்கவும் கூடாது. நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்த உரிமையை நான் ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. அவர் பல் விளக்குவதுபோல் நாள் தவறாமல் பயன்படுத்தினார்.

"இண்டைக்கு வேண்டாம், மணியம்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இருக்காது, அதிகாரமும் இருக்காது. பிளாஸ்க்கைத் திறந்து சர்க்கரை போடாத தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றி, பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளுவார். வெளியே பார்த்தால் ஈப்போ சுண்ணாம்பு மலைகள் எல்லாம் வெயிலில் பளிச்சென்று நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விமானத்தில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. தரையிலும் அவர் திரும்பி வருகிற ஆள்தான். ஒரு தடவை பினாங்கில் சாப்பிடலாம் என்று காரில் கிளம்பினோம். கோலக்கங்சார் தாண்டியதும் தைப்பிங் பக்கம் இருட்டுகிறது என்று காரைத் திருப்பிவிட்டார். தைப்பிங்கில் மழை பெய்யாத நாள் எது என்று கேட்டேன்.  கல்யாண வீடுகளில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவார், கார் நிறுத்துமிடத்தில் நெரிசலாகிவிடுமாம். பல் விஷயத்திலும் அதே கதைதான். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களைப் பாதிப் பேரைப் பல்லோடு திருப்பி அனுப்பியவர் என்று அவரோடு வேலை செய்தவர்களே சொல்வார்கள். எனக்கும் ஒரு கடைவாய்ப் பல் வலித்தபோது, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் பாப்பம் என்றார். நான் ஒரு வாரம் பார்த்தேன். பிறகு வேறு ஒருவரிடம் போய் ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது தப்பு, அதை அவருக்குப் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

மற்ற தடவைகளில் அவர் சொன்னது தப்பில்லை என்பதுதான் என் எரிச்சலே. ஒரு சனிக்கிழமை பீடோர் வரை போய் வரலாம் என்று கிளம்பினோம். நான் ஓட்டினேன். கம்பார் தாண்டியதும் மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. நானும் அதற்குக் கீழேயே தாழ்ந்து தாழ்ந்து போனேன். கீழே எண்ணெய் எடுக்கிற செம்பனை வரிசைகள், பக்கத்தில் நெடுஞ்சாலை. கண்ணாடியில் மழைத்துளிகள் பின்பக்கமாக ஓடத் தொடங்கின. இன்னும் பத்து நிமிஷத்தில் பீடோர். அவர் பிஸ்கட் டின்னை மூடி மடியில் வைத்துக்கொண்டார். டின்னை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"உமக்கு இப்ப என்ன தெரியுது?" என்றார்.

ரோடு தெரிகிறது என்றேன். வேறு என்ன என்றார். ரோடுதான் டாக்டர் என்றேன். மலை எங்கே என்று கேட்டார். இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. விமானத்தைத் திருப்பினேன். நாங்கள் இறங்கி, கொட்டகைக் கதவைச் சாத்தியதும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொட்டியது. அன்று அவர் ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் தணிந்திருக்கும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

வானிலை அறிவிப்பை அவர் படிப்பார். கைப்பேசியில் வருகிற மேகப் படங்களையும் பார்ப்பார். ஆனால் அவர் நம்பியது ஆட்களை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் நின்றபடி வரிசையாகப் போன் போடுவார். வடக்கே பாரிட் புந்தாரில் அவரிடம் முன்பு வேலை செய்த கிளினிக் உதவியாளர், பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனர், இப்படி ஊருக்கு ஒருவர். இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெரிய மனுஷர் ஒருவர் ஆசையாக எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு வராது. ஒரு தடவை பாரிட் புந்தார்க்காரர், "ரொம்ப நல்லா இருக்குங்க டாக்டர், வாங்க" என்று சொல்ல, நம்பிப் போய்ப் பாதியில் திரும்பினோம். அங்கே விடிந்ததிலிருந்தே மழையாம். ஏனப்பா இப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "நீங்க வரணும்னு கேட்டீங்க, எப்படிங்க மழைன்னு சொல்றது" என்றாராம்.

அதற்குப் பிறகு டாக்டர் யாரிடமும் வானிலையைக் கேட்பதில்லை. துணி காயப் போட்டாச்சா, கொடியிலிருந்து எடுத்தாச்சா, எதிரே பள்ளிவாசல் கோபுரம் தெரிகிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத் தலை சுற்றும்.

தாப்பாவில் அவருக்கு ஆள் இல்லாமல் இருந்தது. என் அக்காவைப் பிடித்துக்கொண்டார். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி என்னை ஆளாக்கியவள் அவள்தான். இப்போது தாப்பாவில் தனியாக இருக்கிறாள். அவள் சமையல்கட்டு வாசலில் நின்றால் கேமரன் மலைக்கு ஏறுகிற மலைத்தொடர் முழுசாகத் தெரியும். என் மகள் கல்யாணத்தில் டாக்டர் அவளைப் பார்த்தார். சாம்பாரில் புளி தூக்கல் என்று சம்பந்தி முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே நம்பரை வாங்கிக்கொண்டார். அவளிடம் மட்டும் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்பார்: மலை தெரியுதா?

"முக்காடு போட்டிருக்கு டாக்டர்," என்பாள். இல்லாவிட்டால், "நல்லாத் தெரியுது, கல்லுகூட எண்ணலாம்," என்பாள். போனை வைத்துவிட்டு டாக்டர் என்னிடம், "உம்முடைய அக்கா ஒராள்தான் உள்ளதைச் சொல்லுறா," என்பார். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

இப்போது என் ஆசைக்கு வருகிறேன். பதினோரு வருஷத்தில் நான் வடக்கே பாரிட் புந்தார், தெற்கே ஸ்லிம் ரிவர், இந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. எல்லாம் மலைக்கு இந்தப் பக்கமே. லயத்துக் கதவைத் திறந்தால் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அந்த மலையைத்தான். அதற்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, குவாந்தான் கடற்கரையில் ஒரு தடவை என் கையால் விமானத்தை இறக்க வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை, வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். மலை ஏறுவதென்றால் ஒன்பதாயிரம் அடி வேண்டும், கீழே காடு, மேகம் எப்போது கட்டும் என்று தெரியாது என்று சொல்லித் தள்ளிப்போட்டுவிடுவார்.

பிறகு எனக்கு நேரம் குறைந்தது. விமானிகளைப் பரிசோதிக்கும் டாக்டர், சர்க்கரை கண் வரைக்கும் வந்துவிட்டது என்றார். கையில் இருக்கிற உடல்தகுதிச் சான்றிதழ் டிசம்பர் வரை செல்லும், அடுத்தது கிடைக்காது என்று நேராகவே சொல்லிவிட்டார். அப்போது ஏப்ரல். நவம்பர் பிறந்தால் கிழக்குக் கரையில் மழைக்காலம், குவாந்தான் பக்கம் தலை வைக்க முடியாது. ஆக எனக்கு இருந்தது அக்டோபர் வரைதான். கொட்டகையில் வைத்துப் பல் டாக்டரிடம் இதைச் சொன்னேன். என்னைவிட மூத்தவர் எழுபது வயதில் சர்க்கரை இல்லாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்கிற கடுப்பும் எனக்கு இருந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போவம்," என்றார். "மலை தெரியிற முதல் சனிக்கிழமை போவம்."

அதோடு தொடங்கியது கூத்து. வரைபடத்தில் கோடு போட்டோம், ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் நிரப்பினோம், நான் ஐந்து மணிக்கே எழுந்து பழம் வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டு வருவேன். ஏழு மணிக்கு அக்காவுக்குப் போன்; மலை தாண்டப் போகிறோம் என்று அவளுக்கும் தெரியும். முக்காடு. அடுத்த வாரம், முக்காடு. அதற்கடுத்த வாரம், முழுசா மூடிக்கிச்சு. மே போயிற்று, ஜூன் போயிற்று. ஈப்போவில் வெயில் அடிக்கும், கைப்பேசிப் படத்தில் மேகமே இருக்காது, நான் அதை அவர் மூக்குக்கு நேராகக் காட்டுவேன். அக்கா என்ன சொன்னா என்று கேட்பார். பிறகு அந்த மூன்று வார்த்தை. ஆகஸ்ட்டில் புகைமூட்டம் வேறு வந்து இரண்டு வாரத்தைத் தின்றது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் எரிந்து விழுவேன். ஒரு நாள் அவள், விமானத்தை விற்றுவிட்டு ஒரு கெண்டை மீன் குளம் வெட்டுங்கள், நிம்மதியாக இருக்கும் என்றாள்.

அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை தாப்பாவில் ஒரு லோரிக்கு டயர் மாற்றும் வேலை இழுத்துக்கொண்டது. அக்கா வீட்டிலேயே தங்கினேன். காலையில் நேராகத் திடலுக்கு வந்துவிடுகிறேன் என்று மட்டும் டாக்டருக்குச் சொல்லியிருந்தேன். விடிந்து குளிக்கப் போனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. துண்டோடு வெளியே வந்தேன். அக்கா சமையல்கட்டு வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அவளுக்கு எதிரே மலை. அப்படி ஒரு தெளிவான மலையை நான் பார்த்ததில்லை. மேலே கோடு போட்டதுபோல் விளிம்பு, ஒரு துண்டு மேகம் கிடையாது.

"எங்க டாக்டர்," என்றாள் அக்கா, அந்த மலையைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணுமே தெரியலலா. முழுசா மூடிக்கிச்சு."

ஸ்பீக்கரில் டாக்டர், "சரி அக்கா, இண்டைக்கு வேண்டாம் எண்டு தம்பியிட்டச் சொல்லுறன்," என்றார்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் போனை முந்தானையில் மறைத்துக்கொண்டாள், ஏதோ அதில்தான் குற்றம் இருப்பதுபோல. எத்தனை வாரமாக என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். பின்னாலேயே போய்க் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவிடம் குரலை உயர்த்தினேன்.

"அந்தக் காட்டுல விழுந்தா ஒன்னைய எங்கன்னு போய்த் தேடுவேன்?" என்றாள். "நான் அந்தக் காட்டு ஓரத்துல மரம் சீவுனவ. எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் அப்படி என்னதான்டா இருக்கு? குவாந்தானுக்குப் பஸ் போகுதுலா, ஏறிப் போ."

 சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். ஐந்து மாதமாக நான் டாக்டரை மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் என் அக்காவுக்குப் போக வேண்டியது என்று நினைக்க நினைக்க வண்டி ஓட்டவே கை வரவில்லை. டாக்டர் கொட்டகையில் பழைய பனியன் துணியால் விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பொய் சொல்லியிருக்கிறாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன்.

"தெரியும்," என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மே மாசத்திலிருந்து என்றார். துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"உள்ளதைச் சொல்லுறவ, திடீரெண்டு கிழமைக்குக் கிழமை மூடியிருக்கு எண்டா எனக்கு விளங்காதோ? ஒருத்தர் வேண்டாம் எண்டா வேண்டாம், அதுதானே எங்கட ஒப்பந்தம்."

"அக்கா கையெழுத்துப் போடலையே டாக்டர்."

"ஒவ்வொரு சனியும் விடிய எழுப்பிக் கேட்டனாங்கள் எல்லோ. கேட்டா, அவ சொல்லுறதையும் எடுக்கத்தானே வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "உண்மையைச் சொல்லட்டோ? எனக்கும் அது வசதியாப் போச்சு. எனக்கு அந்த மலை எண்டாப் பயம், மணியம்."

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். இரண்டு பேரும் சேர்ந்து என் ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டீர்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழி விடவில்லை.

மூன்று வாரம் இரண்டு பேரோடும் நான் பேசவில்லை. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஆறரை மணிக்கு அக்காவே போன் போட்டாள். "மலை தெரியுது தம்பி. ஓரத்துல கொஞ்சம் வெள்ளையா இருக்கு, ஆனா தெரியுது. கெளம்பு," என்று சொல்லிவிட்டு, நான் பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.  திடலுக்குப் போனால் டாக்டர் விமானத்தை ஏற்கெனவே வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார். அவருக்கும் சொல்லியிருக்கிறாள்.

ஏறினோம். கம்பார் தாண்டும்போது ஐயாயிரம் அடி, தாப்பாவுக்கு மேலே வட்டமடித்து வட்டமடித்து ஒன்பதாயிரம். குளிர் காலுக்குள் ஏறியது. அக்கா வீடு எது என்று தெரியாத உயரம், ஆனால் அவள் வாசலில்தான் நிற்பாள் என்று தெரியும். மலையைப் பார்த்து மூக்கைத் திருப்பினேன். விளிம்பின்மேல் வெள்ளையாக ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது. நாங்கள் நெருங்க நெருங்க அதுவும் உயர்ந்துகொண்டே வந்தது. நடுவில் ஓர் இடைவெளி, அதன் வழியே அந்தப் பக்கம் பச்சையாக ஏதோ தெரிந்தது. நாலு நிமிஷம் போதும், உள்ளே நுழைந்துவிடலாம்.

நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வார், நான் திட்டிக்கொண்டே திருப்பலாம் என்று காத்திருந்தேன். அன்று பார்த்து மனுஷன் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் டின் திறந்தபடி மடியில் கிடந்தது. இரண்டு கையும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்டேன். நீர்தானே ஓட்டுறீர் என்றார். இடைவெளியின் ஒரு பக்கம் சரிந்து பச்சையை மூடியது. அந்தப் பக்கம் போய் அதுவும் மூடிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அரை நிமிஷம் நேராகவே போனேன். பிறகு திருப்பினேன். திருப்பும்போது என் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தை யாரைச் சொன்னது என்று எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தை வைக்க அன்றைக்கு ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

இறங்கிய பிறகு, நல்லாத் திருப்பினீர் என்றார். நான் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நவம்பரில் மழை, டிசம்பரில் சான்றிதழ் முடிந்தது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகச் சான்றிதழ் தேவையில்லைதான். டாக்டர் ஓட்டட்டும், நீங்கள் சும்மா போங்கள் என்று மனைவிகூடச் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. கொட்டகைக்குப் போவதையே விட்டுவிட்டேன். அவர் கடைக்கு வருவார், டயரில் காற்றுப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வார், ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு வேன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"மணியம், நான் குவாந்தானில நிக்கிறன்."

பஸ்ஸில் போனீர்களா டாக்டர் என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"இல்லை, பறந்துதான் வந்தனான். இப்பத்தான் இறங்கினன்." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். வழியில் ஒரு பெரிய மேகத்தைச் சுற்றி வந்ததாகச் சொன்னார். "அங்கால போகவேணுமெண்டு கேட்டனீர் எல்லோ. செம்பனைதான் மணியம். கடற்கரை வரைக்கும் செம்பனை. நீர் பெரிசா ஒண்டும் இழக்கேல்ல."

எனக்குக் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே என்னைப் பதினோரு வருஷம் கட்டிப்போட்டவர், எனக்கு எல்லாம் முடிந்த பிறகு தான் மட்டும் போய் இறங்கிவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். அக்காவைக் கேட்டீர்களா என்றேன். ஒருத்தரையும் கேட்கவில்லை என்றார். என்னை ஏன் கூட்டிப் போகவில்லை என்றேன்.

"உம்மை ஏத்தினா உம்முடைய அக்காவும் மனுசியும் வானத்தைப் பாத்துக்கொண்டு நிப்பினம். எனக்கு அப்பிடி நிக்க ஆளில்லை. தனிய எண்டாப் பரவாயில்லை எண்டு நினைச்சன்."

அப்போது வந்த கோபம் மற்ற கோபம் மாதிரி இல்லை. 

"அப்ப நான் யாரு டாக்டர்?" என்றேன். "ஒப்பந்தப்படி என்னையில்ல கேட்டிருக்கணும். கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

 அவர் பக்கம் ஏதோ ஒரு பெரிய விமானம் இரைந்துகொண்டு கிளம்புவது கேட்டது. அதை நான் யோசிக்கேல்ல என்று மெதுவாகச் சொன்னார். அந்த விமானத்தின் சத்தம் அடங்கியதும், அவர் என்னிடம் ஒரு நாளும் பேசாத குரலில் பேசினார்.

"நாளைக்குக் காலமை திரும்பி வரவேணும். மழையும் வரலாம், வராமலும் போகலாம் எண்டு போட்டிருக்கு. நீர் சொல்லும். வரட்டோ, வேண்டாமோ?"

கடை வாசலில் வந்து நின்று கிழக்கே பார்த்தேன். நல்ல வெயில். மலை தெரிந்தது, அதன் தலையில் வெள்ளையாகக் கொஞ்சம் இருந்தது, ஒரு கைக்குட்டை அளவுதான். நானாக இருந்தால் போயிருப்பேன். ஆனால் அவரை வாருங்கள் என்று சொல்ல வேண்டும், அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. நான் சொல்லும்வரை வைக்காமல் லைனிலேயே இருந்தார்.